புது கேஸ் வரும்வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு எங்கள் மகள் பிரிட்ஜைத் திறந்து, "அப்பா, ஐஸ் தண்ணியா இருக்கு" என்றாள். மணி நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றரைக்குக் கரண்ட் போகும் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நின்றுபோயிருந்தால் பியூஸைப் பார்த்திருப்பேன், பிளக்கைப் பிடுங்கிச் செருகியிருப்பேன். இது வழக்கம்போல முனகிக்கொண்டே இருந்தது. உள்ளே கையை விட்டால் அலமாரிக்குள் விட்ட மாதிரி இருந்தது. கதவின் மேல்தட்டில், முட்டை வைக்கும் குழிகளுக்குப் பக்கத்தில், மகளின் இன்சுலின் குப்பிகள் இரண்டு நின்றன.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. காலையும் மாலையும் ஊசி. விடிந்ததும் நான் செய்யும் முதல் வேலை, நீல நிற மருந்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அவள் சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவது. நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சையானால் பரவாயில்லை. மஞ்சளானால் என் மனைவி அடுப்படிக்குப் போய்விடுவாள். செங்கல் நிறத்தை அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தோம். இரண்டும் மருத்துவமனையில் முடிந்தன.

மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னது சுருக்கமானது: குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. வெளியே கத்திரி வெயில். கள்ளிக்குப்பத்தில் எங்களுடையது மாடி வீடு. மேலே சிமென்ட் தளம். ராத்திரியில்கூடச் சுவரைத் தொட்டால் தோசைக்கல் ஆறுகிற மாதிரி இருக்கும். நான் மோட்டாரை மறந்தேன். குப்பிகளை ஈரத்துணியில் சுற்றிக் கீழே ஓடினேன். வீட்டுக்கார அம்மாவின் பிரிட்ஜில் கதவுத் தட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு இப்டி ஓடியாற? வெச்சிட்டுப் போ நைனா, எம்பேத்திது மாரி பாத்துக்கறேன்" என்றார் அந்த அம்மா.

அப்படித்தான் பார்த்துக்கொண்டார். அதை அப்புறம் சொல்கிறேன்.

*

எங்கள் பிரிட்ஜ் தெருவில் பெயர் வாங்கியது. "ஓசோன் பிரிட்ஜு ஊடு" என்றால் எங்கள் வீடு. ஓசோனுக்குக் கெடுதல் இல்லாதது என்று கதவில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர்தான் காரணம். அப்போது, தொண்ணூறுகளின் கடைசியில், அந்த வகை பிரிட்ஜ் கடைகளுக்கு வரத்தொடங்கிய சமயம். கடையில் மூன்று நின்றன. மகள் நேராகப் போய் ஸ்டிக்கர் ஒட்டியதன் முன்னால் நின்றுகொண்டாள்.

அந்த வருஷம் பள்ளியில் அவர்களுக்கு அந்தப் பாடம் நடந்திருந்தது. வீட்டுக்கு வந்து எங்கள் இருவருக்கும் நடத்தினாள். விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே, வெயிலின் கெட்ட கதிரைத் தடுக்கிற ஓசோன் என்ற ஒரு வாயுப் படலம் இருக்கிறது. பிரிட்ஜிலும் ஏசியிலும் போடுகிற வாயு கசிந்து மெல்ல மெல்ல அவ்வளவு தூரம் ஏறுகிறது. அங்கே வெயிலில் அது உடைந்து, அதிலிருக்கும் குளோரின் அந்தப் படலத்தை அரிக்கிறது. தென் துருவத்தின் மேல் வருஷாவருஷம் குளிர்காலம் முடிகிற நேரத்தில் அது ஓட்டை விழுந்த மாதிரி மெலிந்துபோகிறது. நாடுகள் எல்லாம் கூடி, இனி அந்த வாயு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டன.

"அப்ப சரியாயிடும்ல?" என்றேன்.

"உடனே ஆவாதுப்பா. ஏற்கெனவே மேல போனது ரொம்ப வருஷம் அங்கயே இருக்கும். அடுத்த நூற்றாண்டு பாதிலதான் பழையபடி ஆகும்னு டீச்சர் சொன்னாங்க." விரல் விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு அறுபது தாண்டிருக்கும். நான் பாத்துடுவேன். உங்க ரெண்டு பேராலயும் முடியாது."

என் மனைவி எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வராது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் மகளின் வயதைப் பற்றி யாரும் அடுத்த பரீட்சைக்கு மேல் பேசியதில்லை. கல்யாண வீடுகளில் யாராவது "பொண்ணு பெரியவளானா" என்று ஆரம்பித்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து பேச்சை மாற்றுவோம். அவள் அறுபது என்றாள். ஏதோ பஸ் ஸ்டாப்பின் பெயரைச் சொல்வதுபோல, அங்கே இறங்கிக்கொள்வேன் என்பதுபோலச் சொன்னாள். ஸ்டிக்கர் ஒட்டிய பிரிட்ஜைத்தான் வாங்கினோம்.

*

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்தேன். இந்த மாடலுக்குப் பயிற்சி எடுத்தவர்கள் சிலர்தான், உங்கள் பக்கம் வர மாதக் கடைசி ஆகும் என்றார்கள். என் மகளின் மருந்து என்றேன். மாதக் கடைசி என்றார்கள்.

அன்று மாலை, நான் சொல்லியனுப்பியதும், குமணன்சாவடியில் கடை வைத்திருந்த பிரிட்ஜ் மெக்கானிக் வந்தார். அவரை எனக்கு எண்பதுகளிலிருந்தே தெரியும். கல்யாணமான புதிதில் நாங்கள் பூந்தமல்லியில் குடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிரிட்ஜுக்கு அவர்தான் வைத்தியர். வேலை செய்யும் விதமே பார்க்க நன்றாக இருக்கும். குழாய்க்குள் தூசி இருந்தால் சிலிண்டரைத் திறந்து கேஸாலேயே ஊதித் தள்ளுவார். வெள்ளைப் புகை போலச் சீறிக்கொண்டு வெளியே போகும். வெயில் காலத்தில் நாங்கள் அதில் கையை நீட்டிச் சிரிப்போம். அப்புறம் புதிதாக கேஸ் ஏற்றும்போது, பிரிட்ஜுக்குள்ளிருந்து திரும்பி வருகிற மெல்லிய குழாயை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். எங்கே சில்லிட்டு நிற்கிறது என்று கை சொல்லும். "போதும்" என்று வால்வை மூடுவார். மீட்டரை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் அளவுக் கருவிகள் அறையில் வேலை பார்ப்பவன் நான். தலைமுடியின் பருமனைக்கூட அளந்துதான் நம்புவேன். அவர் கையைப் பார்த்து எனக்கு எப்போதும் கொஞ்சம் பொறாமை.

சோப்பு நுரை தடவிப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்துவிட்டார். பின்பக்கம் பற்றவைத்த ஓர் இணைப்பில் நுரை குமிழிட்டது.

"தோ, இங்கதான் சார். பத்து நிமிஷத்துல பத்தவெச்சி, பன்னெண்ட அடிச்சி உட்டா கல்லு மாரி ஐஸ் புடிக்கும்."

பன்னிரண்டு என்பது பழைய வாயுவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். இது வேறு கேஸ், வேறு ஆயில், பழையதைப் போடக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

"கேஸுன்னா கேஸுதான் சார். இட்லி மாவுல தோச ஊத்தனா வராதா?"

"ஓசோனுக்குக் கெடுதல் அங்கிள்" என்றாள் மகள்.

"இன்னா பாப்பா, ஆகாசத்துல ஓட்டயா? ஓட்ட இருந்தா மழ நல்லா வரும்ல? மெட்ராஸுக்கு நல்லதுதான!"

மகளே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வேண்டாம், புது கேஸ் கிடைத்தால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். படியிறங்கும்போது கீழே வீட்டுக்கார அம்மாவிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "நல்லா படிச்ச மன்சன்தான். ஆகாசத்துக்கு ஒட்டுப் போட்டுக்கினு ஊட்டுல பிரிட்ஜ ஆஃப் பண்ணி வெச்சிகினு கீறாரு."

*

வியாழக்கிழமை காலை குழாயில் செங்கல் நிறம் வந்தது.

புதன்கிழமையே அவள் சோர்ந்திருந்தாள். தண்ணீர் தண்ணீர் என்றாள். வெயில் என்று நினைத்தோம். வியாழன் விடிந்ததும் வாந்தி. குழாயை விளக்கில் காட்டியபோது நிறம் பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. ஊசி தவறாமல் போட்டிருந்தோம். அளவு சரி. பிறகு எப்படி?

ஆட்டோவில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த எங்கள் டாக்டரிடம் போனோம். ஊசி மருந்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் முதலில் மகளைப் பார்த்தார், சலைன் ஏற்றச் சொன்னார், தன்னிடமிருந்த மருந்தைப் போட்டார். அப்புறம்தான் எங்கள் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியின் உள்பக்கம் திரிந்த பாலைப் போலத் துகள்கள் ஒட்டியிருந்தன.

"இது உறைஞ்சிருக்கு. எங்க வெச்சிருந்தீங்க?"

கீழ்வீட்டு அம்மா நல்ல மனதோடு செய்தது அது. அவர் பிரிட்ஜின் கதவைப் பேரப்பிள்ளைகள் நொடிக்கொருதரம் திறந்தார்கள். மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று ராத்திரி மேலே ஐஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். விடிகாலையில் எடுத்துக் கதவில் வைத்துவிடுவார். என் மனைவி ஊசிக்கு எடுக்கப் போகும்போது அது கதவில்தான் நிற்கும். "எவ்ளோக்கெவ்ளோ ஜில்லுன்னு கீதோ அவ்ளோக்கவ்ளோ நல்லதுன்னு நெனச்சேம்மா" என்று அன்று சாயந்திரம் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் அதற்கு முன்னால், டாக்டர் வீட்டு வராந்தாவில், என் மனைவி என்னிடம் கேட்டது வேறு. கதவிடுக்கில் மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அதைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"உங்களுக்கு ஆகாசம் முக்கியமா, இவ முக்கியமாங்க?"

இன்று எழுதும்போதும் அந்தக் கேள்வி வருகிற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒருமுறை நடந்துவிட்டுத்தான் வந்தேன்.

மாலைக்குள் மகள் தெளிந்தாள். புதுக் குப்பியோடு வீட்டுக்கு வந்தோம். அதை மறுபடி கீழ்வீட்டில் வைக்க மனைவி ஒப்பவில்லை; ஈரத்துணியில் சுற்றி வைத்தோம்.

*

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஆவடியில் பஸ் மாறி, குமணன்சாவடிக்குப் போனேன். பழைய கேஸையே போட்டுவிடச் சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெங்களூர் ரோட்டின் ஓரத்தில், லாரிகள் தூசி கிளப்புகிற இடத்தில் அவர் கடை. வாசலில் யாருடையதோ ஒரு பிரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா சார், தோ ஒரு நிமிஷம்" என்று குறட்டால் குழாயை நறுக்கினார். உள்ளே இருந்தது சீறிக்கொண்டு வெளியேறியது. வெள்ளையாக ஒரு மூச்சு. ஒரு லாரி கடந்து போவதற்குள் ஒன்றும் இல்லை. பூந்தமல்லியில் நாங்கள் கை நீட்டிய அதே குளிர்.

அது எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். எங்கள் முதல் பிரிட்ஜிலிருந்து சீறிப் போனதும் இன்னும் அங்கேதான் எங்காவது இருக்கும் என்று தெரியும். மகள் பிறப்பதற்கு முன் போனது. அவளுக்கு நரை வரும்போதும் இருக்கும். அதுபோல் ஊர் ஊராக, கடை கடையாக. ஒரு பிரிட்ஜால் என்ன ஆகிவிடும் என்று அவரைப் போல நானும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு ஊசியால் என்ன ஆகிவிடும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. காலையும் மாலையும் போடுகிறோம். குணமாவதற்காக அல்ல, அவள் அடுத்த நாளுக்குப் போவதற்காக. அப்படித்தான் அறுபதுக்குப் போக முடியும். அவள் போய் இறங்கப்போகிற இடத்தைப் பழுதாக்கிவிட்டு அவளைப் போ என்று எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாயில் வரவில்லை.

"அந்தப் புது கேஸ் எங்க கிடைக்கும்?" என்றேன்.

"திரும்பவும் அதயா? இன்னா சார் நீ! மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைல வருதுன்னு சொல்லிக்கினாங்க. யாரு போறது?" குறட்டைக் கீழே வைத்தார். "ஆமா, மூஞ்சி இன்னா இப்டி கீது? பாப்பா நல்லாகீதா?"

சொன்னேன். செங்கல் நிறம், திரிந்த மருந்து, வராந்தா எல்லாவற்றையும். அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. டீ வரவழைத்தார்.

"இவ்ளோ ஆச்சி. இப்பவும் பன்னெண்டு வோணாங்கறியா?"

"வேணாம்."

"பாப்பா மருந்த இன்னா பண்ணுவே?"

"ஏதாவது பண்ணுவேன். நான் காத்திருக்கேன். நீங்க புது கேஸோட வாங்க."

"நான் வருவன்னு யாரு சொன்னது?" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

*

வெறுங்கையோடு வந்தவனை மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எதற்காகப் போனேன், ஏன் கேட்கவில்லை, எல்லாம். அறுபது வயது என்ற வார்த்தையை முதன்முறையாக அவளிடம் நானாகச் சொன்னேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"டாக்டர் கிட்ட நான் கேட்டேன்" என்றாள். "பானைல வெச்சா போதுமாம். வெயில் படாம, ஈரம் காயாம இருந்தா மருந்துக்கு ஒண்ணும் ஆகாதாம். அவங்க ஊர்ப்பக்கம் அப்படித்தான் வெப்பாங்களாம்."

அன்றே அம்பத்தூர் மார்க்கெட்டில் ஒரு பெரிய பானையும் சின்னப் பானையும் வாங்கி வந்தாள். பெரியதற்குள் மணலைக் கொட்டி, நடுவில் சின்னதை இறக்கி, மணலில் தண்ணீர் ஊற்றினாள். குப்பியை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரச் சாக்கால் மூடினாள். காற்று வருகிற ஜன்னலின் கீழே, வெயில் எட்டாத மூலையில் வைத்தோம். நான் தொழிற்சாலையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். சின்னப் பானைக்குள் சூடு அறையைவிட நன்றாகவே குறைவு. நான் அளந்ததை அவள் நம்பவில்லை; கையை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் நம்பினாள்.

"ஒண்ணு சொல்லிட்டேன்" என்றாள். "ஒரே ஒரு நாள் மஞ்சள் தாண்டிச்சுன்னா, அன்னிக்கே அந்த ஆளக் கூப்பிட்டுப் பழைய கேஸ் போடணும். அப்ப நீங்க பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

அப்படித்தான் அந்த நாள்கள் போயின. மணல் காய்கிற ஓசைகூடக் கேட்கும்போல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். தண்ணீர் லாரி வராத நாளில் குளிக்கிற தண்ணீரைக் குறைத்துப் பானைக்கு ஊற்றினோம். கீழ்வீட்டு அம்மா கேட்காமலேயே தினம் ஒரு குடம் மேலே அனுப்பினார். ஐஸ் கட்டி வேண்டுமா என்று மட்டும் அப்புறம் அவர் கேட்டதே இல்லை. விடிகாலையில் நான் விளக்கை ஏற்றும்போது மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். பச்சை. மறுநாள் பச்சை. ஒருநாள் மஞ்சளின் விளிம்பு வரை போய் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் பேசவில்லை. முந்தைய நாள் மாம்பழம் தின்றதை மகள் ஒப்புக்கொண்டாள். அடுத்த நாள் நீலம்.

தெருவில் கேலி இருந்தது. "இன்னா சார், ஓசோன் பிரிட்ஜு பானையா மாறிடுச்சாமே!" என்றார் பால்காரர். மகள் பிரிட்ஜின் கதவிலிருந்து பச்சை ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி எடுத்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று பார்த்தேன். சோற்றுப்பருக்கையால் அதைப் பானையில் ஒட்டினாள்.

அந்தப் புது வாயுவுக்கும் வேறொரு குறை உண்டு, அது பூமியைச் சூடாக்குகிறது என்று பின்னாளில் படித்தேன். படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனால் ஓசோனை அது தின்னாது. அன்று எங்கள் கைக்கு எட்டியதில் சரியானது அதுதான். அதையும் விட நல்லது வந்தால் அதற்கும் காத்திருப்போம்.

பானை வைத்த பிறகு வந்த இரண்டாவது சனிக்கிழமை சாயந்திரம் படிக்கட்டில் கனமான காலடி கேட்டது. குமணன்சாவடி மெக்கானிக். தோளில் வெளிர்நீல நிறத்தில் ஒரு சிலிண்டர். அவரிடம் நான் பழைய கேஸின் வெள்ளை சிலிண்டரைத் தவிர வேறு பார்த்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் அதை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். பானையையும், அதிலிருந்த ஸ்டிக்கரையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளையும் பார்த்தார்.

"இன்னொருத்தர் ஊட்ல இதே மாரி புதுசு சார். பன்னெண்ட அடிச்சேன். ஒரே வாரம், கம்ப்ரசரு இறுகிப் பூட்ச்சி. அந்தாளு கடைல வந்து நின்னுகினு கத்தறான்" என்றார். "அத்த உடு. பாப்பா நெனப்பாவே இருந்திச்சி. மவுண்ட் ரோடு போயி வாங்கிகினு வந்தேன்."

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தார். பிறகு தன் வலது உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"இத்த கைல புடிச்சிப் பாத்து அடிக்கக் கூடாதாம் சார். எட போட்டுத்தான் அடிக்கணுமாம். உன்னாண்ட நல்ல தராசு கீதா?"